சத்தம் வராத வயர்

மார்ச் 12, ஞாயிறு

கம்பெனியில் பொங்கலுக்குக் கொடுத்த டைரி. ஜனவரி, பிப்ரவரிப் பக்கங்கள் வெள்ளையாகவே கிடக்கின்றன. இன்று முதல் இதில் வயரிங் விவரம் மட்டும் எழுதப்போகிறேன். எந்த வயர் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று குறித்துக்கொள்ளாமல் கழற்றுகிறவன் முட்டாள். பம்ப் கம்பெனியில் பதினெட்டு வருஷமாகப் பேனல் போர்டு வயரிங் செய்கிறேன், எனக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

வண்டி: யெஸ்டி பைக், 1987 மாடல். நேற்றுதான் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து விட்டார்கள். அன்வர் குட்டியானை லோடு வண்டியில் ஏற்றி வந்து போர்டிகோவில் இறக்கினான். அன்வர் என்னோடு ஐ.டி.ஐ. படித்தவன், சிங்காநல்லூரில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறான். வாய் ஓயாதவன், நேற்று டீ கூடக் குடிக்காமல் போய்விட்டான்.

கண்டுபிடிக்க வேண்டியது: ஜனவரி 29 காலை பத்தே முக்காலுக்கு, சூலூரிலிருந்து பல்லடம் போகும் ரோட்டில், ஓடிக்கொண்டிருந்த வண்டி திடீரென்று நின்றது. பின்னால் உட்கார்ந்திருந்த என் மனைவி சுகந்தி விழுந்தாள். நான்காம் நாள் ஆஸ்பத்திரியில் போய்விட்டாள். ஸ்டேஷனிலும் அவள் வீட்டிலும் நான் சொன்னது ஒன்றுதான்: கரண்ட் கட்டாகி வண்டி நின்றுவிட்டது. எந்த வயரில் கட்டானது என்று தெரிய வேண்டும்.

அவள் விழுந்த இடத்துக்குப் பக்கத்து ஊரின் பெயர் காரணம்பேட்டை. எவன் வைத்தானோ.

மார்ச் 13, திங்கள்

வேலை முடிந்து வந்து சீட்டையும் டேங்கையும் கழற்றினேன். வண்டியோடு கொடுத்த ஆய்வு அறிக்கையை இங்கே எழுதிவைக்கிறேன், காகிதம் தொலைந்துவிடும். முன் பிரேக் வேலை செய்கிறது. பின் பிரேக் வேலை செய்கிறது. டயர்கள் நல்ல நிலை. ஹேண்டில்பார் சரி. ஹெட்லைட் எரிகிறது. ஹாரன் அடிக்கிறது. இன்ஜின் இயங்குகிறது. எட்டாவது வரி வயரிங் சம்பந்தப்பட்டதல்ல, விட்டுவிட்டேன்.

ஹாரன் அடிக்கிறதாம். நிறுத்திவைத்த வண்டியை ஐந்து நிமிஷம் பார்த்து எழுதியது. ஓடும்போது குலுங்கி விடுபடுகிற வயர் நிற்கிற வண்டியில் எப்படித் தெரியும்? அதைக் கண்டுபிடிக்க என்னை மாதிரி ஒருவன் உட்கார வேண்டும்.

மார்ச் 15, புதன்

வேலையிலிருந்து வந்தால் வாசல் படியில் துளசிமணி அத்தை உட்கார்ந்திருந்தார். சுகந்தியின் அம்மா. ஒரு கட்டைப்பை. சூலூரிலிருந்து தனியாகப் பஸ் ஏறி வந்திருக்கிறார்.

"கொஞ்ச நாளைக்கு இங்க இருந்துக்கறனுங் மாப்ள. உங்களுக்கும் சோறாக்கிப் போட ஆளில்ல" என்றார்.

மகன் வீட்டில் என்ன நடந்தது என்று நான் கேட்கவில்லை. அவராகவே சொன்னார். மருமகள் கவிதா ஏதோ பேச்சில், நீங்க அந்தச் சேலையைக் கட்டிவிடாம இருந்திருந்தா அவ இன்னைக்கு இருப்பா என்று சொல்லிவிட்டாளாம்.

"அவ சொன்னதுல தப்பில்லீங். உள்ளதத்தான சொன்னா."

சுகந்தி எப்போதும் சுடிதார்தான். அன்றைக்குப் பல்லடத்தில் அவளுடைய சித்தி மகளுக்கு வளைகாப்பு. எங்களுக்குக் கல்யாணமாகிப் பதினொரு வருஷம், குழந்தை இல்லை. குழந்தை இல்லாதவள் வளைகாப்புக்குச் சாதாரணமாகப் போய் நின்றால், மனசு நொந்துபோய் வந்திருக்கிறாள் என்று பேசுவார்கள், எல்லாரையும்விட நன்றாகக் கட்டிக்கொண்டு போக வேண்டும் என்பது அத்தையின் எண்ணம். போகிற வழியில் சூலூரில் நிறுத்தி, தன் கையாலேயே மயில்கழுத்து நிறத்தில் ஒரு சாஃப்ட் சில்க் சேலையைக் கட்டிவிட்டார். அந்தச் சேலையை ஆஸ்பத்திரியில் ஒரு கவரில் போட்டு அத்தை கையில்தான் கொடுத்தார்கள். முந்தானை கிழிந்து, கிரீஸ் அப்பியிருந்தது.

"ஏனுங் மாப்ள, முதல்ல வண்டி நின்னுதுங்களா, முதல்ல சேலை சுத்துச்சுங்களா?"

"வண்டிதானுங்க அத்தை நின்னுது. நின்ன வேகத்துல அவ விழுந்தா. விழும்போது சேலை சக்கரத்துல பட்டிருக்கும்."

"வயருலதான் கோளாறுங்களா?"

"அப்படித்தானுங்க இருக்கோணும்."

"அந்த வயர மட்டும் எனக்குக் காட்டீருங்க. கண்ணுல பாத்துட்டாப் போதும்."

ராத்திரிக்கு எனக்குத் தோசை சுட்டுப் போட்டார். அவர் அரை டம்ளர் கஞ்சி குடித்தார். சோறு தொண்டையில் இறங்க மாட்டேன் என்கிறதாம். ஒன்றரை மாதமாக இப்படித்தானாம். கை வளையல் முழங்கை வரை ஏறி இறங்குகிறது.

மார்ச் 19, ஞாயிறு

முழு நாளும் வண்டியோடு. பேனல் போர்டில் ஒவ்வொரு வயரின் இரண்டு முனையிலும் எண் போட்ட சின்னக் குழாய் மாட்டுவோம், பெருல் என்று பெயர். அதே மாதிரி இந்த வண்டிக்கும் மாட்டினேன். பேட்டரியிலிருந்து ஃபியூஸ், 1. ஃபியூஸிலிருந்து சாவி, 2. சாவியிலிருந்து காயில், 3. இப்படி இருபத்தேழு வயர். யெஸ்டிக்கு இந்த மரியாதையை யாரும் செய்திருக்க மாட்டார்கள்.

"எனக்கு ஒரு ஃபேன் ரெகுலேட்டர் மாத்த ஆறு மாசம், யெஸ்டிக்கு மூணு வேளை சோறு" என்பாள் சுகந்தி. ரெகுலேட்டர் இன்னும் மாற்றவில்லை.

அத்தை மத்தியானம் வந்து பார்த்தார். "கெடச்சுதுங்களா?"

"இல்லீங்க. இப்பத்தான் நம்பர் போட்டிருக்கறேன்."

"நம்பர் போட்டா எப்படியும் மாட்டிக்கும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். எனக்கு அந்த நம்பிக்கையைப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது.

மார்ச் 22, புதன்

ஓவர்டைம். ஒன்றும் செய்யவில்லை.

மார்ச் 26, ஞாயிறு

வயரிங் கட்டு முழுவதையும் உருவி போர்டிகோ தரையில் வண்டியின் வடிவத்திலேயே பரப்பினேன். மல்டிமீட்டரைப் பஸ்ஸரில் வைத்து ஒவ்வொரு வயராகச் சோதித்தேன். வயரின் இரண்டு முனையிலும் மீட்டர் ஊசியை வைத்தால், உள்ளே கம்பி அறுபடாமல் இருந்தால் பீப் என்று கத்தும். அறுந்திருந்தால் கத்தாது.

அத்தை கதவுப் பக்கம் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்தார். முதல் வயர் கத்தியது.

"சத்தம் வந்தா நல்லதுங்களா, கெட்டதுங்களா?"

"சத்தம் வந்தா வயர் நல்லாருக்குதுன்னு அர்த்தமுங்க."

"அப்ப வரக்கூடாது" என்றார்.

இரண்டு கத்தியது, மூன்று கத்தியது. ஒவ்வொரு முறையும் அவர் முகம் சுருங்கியதைப் பார்க்காமல் இருக்க நான் தரையைப் பார்த்துக்கொண்டே செய்தேன். பதினெட்டு வருஷத்தில் இந்தச் சத்தம் எனக்கு இவ்வளவு வெறுப்பாக இருந்ததில்லை. கம்பெனியில் இது கத்தினால்தான் வீட்டுக்குப் போகலாம்.

பத்தொன்பதாவது வயர் கத்தவில்லை.

நான் நிமிர்ந்தேன். அத்தை நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். ஜனவரிக்குப் பிறகு அவர் பல் தெரியச் சிரித்து இப்போதுதான் பார்க்கிறேன். "அதுதானுங்களா? அதுதானுங்களா மாப்ள?"

ஊசி முனையிலிருந்து நழுவியிருந்தது. எனக்குத் தெரிந்தது. ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் கைப் பழக்கம், சொல்வதற்குள் விரல் மறுபடியும் அழுத்திவிட்டது. கத்தியது.

அத்தை மெல்ல உட்கார்ந்தார். இருபத்தேழு வரை இருந்து கேட்டார். இருபத்தேழும் கத்தின. பிறகு அடுப்பைப் பற்றவைத்து எனக்கு மட்டும் சோறு வைத்தார்.

மார்ச் 28, செவ்வாய்

அத்தையை டாக்டரிடம் கூட்டிப்போனேன். முப்பத்தொன்பது கிலோ. பொங்கலுக்கு ஐம்பத்திரண்டு இருந்தாராம். உடம்பில் வேறு கோளாறு எதுவும் இல்லை, சாப்பிட வேண்டும், இப்படியே போனால் தாங்காது என்றார் டாக்டர். மனசில் ஏதாவது இருந்தால் பேசச் சொல்லுங்கள் என்று என்னைப் பார்த்துச் சொன்னார்.

ஏப்ரல் 2, ஞாயிறு

அன்வர் வந்தான். ஸ்விட்ச், காயில், பாயிண்ட், எல்லாவற்றையும் அவனும் ஒரு முறை பார்த்தான். கைதுடைக்கும் துணியில் விரல் விரலாகத் துடைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றான்.

"வயர்ல ஒண்ணுமில்ல பூபதி."

"குலுங்கும்போது விடுதோ என்னமோ."

"என்னைவிட உனக்கு வயரிங் தெரியும். எங்கிட்ட எதுக்கு இப்படிப் பேசற?"

வண்டியின் இடது பக்கம் குனிந்தான். பின் சக்கரத்துக்கு மேலே இருக்கும் இரண்டு போல்ட் துளைகளைப் பார்த்தான். கிளம்பும்போது அத்தை டீ கொண்டுவந்தார், வாங்கிக் குடித்தான்.

"நீங்களாச்சும் கண்டுபுடிச்சுக் குடுங்க தம்பி" என்றார் அத்தை அவனிடம்.

அன்வர் என்னைப் பார்த்தான். "கண்டுபுடிச்சிரலாம்மா" என்றான். அவனையும் பொய் சொல்ல வைத்துவிட்டேன்.

ஏப்ரல் 5, புதன்

காலையில் வேலைக்குப் போகும் முன் சால்டரிங் அயர்னைச் சூடுபண்ணி, பதினோராம் நம்பர் வயரின் மேல் தோலில் வைத்தேன். பழுப்பு வயர். தோல் உருகிச் சுருண்டது. இன்னும் கொஞ்சம் வைத்து உள்ளே கம்பியையும் அறுத்துவிட்டால், பாருங்க அத்தை இதுதான் என்று காட்டிவிடலாம். அவர் சாப்பிட்டுவிடுவார். அவ்வளவுதான் விஷயம்.

"என்னுங் கருகற வாசம்?" என்று சமையலறையிலிருந்து கேட்டார்.

"ஒண்ணுமில்லீங்க, சால்டரிங்."

அந்த ஒரு அங்குலத்தை வெட்டி எடுத்து, இரண்டு முனையையும் திரும்பச் சேர்த்து, மேலே ரப்பர் ஸ்லீவ் போட்டேன். நல்ல வயரைக் கெட்ட வயராகக் காட்ட எனக்குக் கை வரவில்லை. இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. மற்றப் பொய் எல்லாம் நன்றாகவே வந்தது.

ஏப்ரல் 9, ஞாயிறு

புது வயரிங் கட்ட ஆரம்பித்தேன். எதற்கு என்று அத்தை கேட்டால் சொல்லப் பதிலில்லை. கைக்கு வேலை வேண்டியிருக்கிறது. நல்ல செம்பு வயர், முனைக்கு முனை லக் என்கிற இணைப்புத் துண்டை அழுத்தி, மேலே கறுப்புத் துணி டேப். ஹெட்லைட்டுக்குத் தனி ரிலே. வேலை சுத்தமாக வந்திருக்கிறது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

இதே போர்டிகோவில்தான் இரண்டு வருஷத்துக்கு முன் இந்த வண்டியை நான் மாற்றினேன். லாக்டவுன் சமயம், வேலை இல்லை. பின் மட்காடைப் பாதியாக வெட்டினேன். கேரியரைக் கழற்றினேன். சீட்டைத் தட்டையாக்கினேன். சைலன்சரைக் குட்டையாக்கினேன். இடது பக்கம் இருந்த ஒன்றையும் கழற்றினேன். டேங்குக்குக் கறுப்பு அடித்தேன். யெஸ்டி குரூப்பில் போட்டோ போட்டபோது முந்நூறு பேர் கைதட்டினார்கள். சுகந்தி வெளியே வந்து பார்த்துவிட்டு, "வண்டிய மொட்டையடிச்சிட்டீங்களே, காது குத்தறது எப்ப?" என்று கேட்டாள். சிரித்துக்கொண்டே இரண்டு சுற்றுச் சுற்றிவந்தாள். இடது பக்கம் நின்று இன்னொன்றும் கேட்டாள்.

அதை எழுதப் பிடிக்கவில்லை.

ஏப்ரல் 14, வெள்ளி

சித்திரை ஒன்று. அத்தை விடிகாலையில் சாமி படத்துக்கு முன்னால் தட்டில் பழம் வைத்திருந்தார். எனக்கு வடை, பாயசம், எல்லாம் செய்தார். பண்டிகை கொண்டாடக் கூடாதே என்றேன். "உங்களுக்குப் பசிக்குமில்லீங்களா, பசிக்குப் பண்டிகையேது" என்றார். பக்கத்தில் நின்று பரிமாறினார். நான் சாப்பிட்டேன். எப்படிச் சாப்பிட்டேன் என்று தெரியவில்லை, மூன்று வடை சாப்பிட்டேன்.

ஏப்ரல் 16, ஞாயிறு

அன்வர் போனில் சொன்னான்: "புதுசு கெடக்கட்டும். பழைய வயரிங்கையே மாட்டி ஓட்டு. நிக்குதான்னு பாரு. அப்பறமாச்சும் உனக்குப் புத்தி வரும்."

காலை எட்டு மணிக்குப் பழைய வயரிங்கை எடுத்து, நம்பர் பார்த்து மாட்டினேன். வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தினேன். இரண்டாவது உதையில் ஸ்டார்ட் ஆனது. இன்ஜின் சூடாகாமல் இருக்க முன்னால் டேபிள் ஃபேன் வைத்தேன். அத்தை வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தார். சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு சக்கரத்தையே பார்த்தார்.

ஓடும்போது ஒவ்வொரு வயரையும் பிடித்து ஆட்டினேன். ரப்பர் சுத்தியலால் ஃபிரேமைத் தட்டினேன். தண்ணீர் தெளித்தேன். நின்றுவிடு என்று வாய்விட்டே சொன்னேன். அரை மணி நேரம் ஓடியது. ஒரு முறை திக்கக்கூட இல்லை.

"நிக்கவே மாட்டீங்குதே மாப்ள" என்றார்.

நான் சாவியைத் திருப்பி அணைத்தேன்.

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு, ரேஷன் கடையில் கணக்குச் சரிபார்க்கிறவர் மாதிரி நிதானமாகச் சொன்னார்: "அப்ப வண்டி தானா நிக்கல. சேலைதான் முதல்ல சுத்தியிருக்குது. சுத்துனதுலதான் சக்கரம் நின்னிருக்குது."

நான் டேபிள் ஃபேனையும் அணைத்தேன்.

"நீங்க என்ர மனசுக்காகத்தான் வயரு வயருன்னு சொன்னீங்க. எனக்குத் தெரியுதுங்." எழுந்தார். கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். "நாந்தான் மாப்ள. என்ர கையாலதான் கட்டி உட்டேன். அவ வேண்டாம்னுதான் சொன்னா."

உள்ளே போய்ப் படுத்துவிட்டார். நான் வண்டி குற்றமற்றது என்று நிரூபித்துக் கொடுத்துவிட்டேன். அதனால் குற்றம் முழுதும் அவர் தலையில் போய் இறங்கியிருக்கிறது. என்னை நல்லவன் என்று வேறு நினைத்துக்கொண்டு படுத்திருக்கிறார்.

ஏப்ரல் 17, திங்கள்

கஞ்சியும் வேண்டாம் என்றார். லீவு போட்டேன். எட்டு முறை கேட்டேன். தண்ணீர் மட்டும் குடித்தார்.

ஏப்ரல் 18, செவ்வாய்

சொல்லிவிட்டேன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலை ஏழு மணி. சுவரைப் பிடித்துக்கொண்டே போர்டிகோவுக்கு வந்து கூட்ட ஆரம்பித்தார். நான் விளக்குமாற்றை வாங்கி வைத்துவிட்டு, "அத்தை, உக்காருங்க. ஒண்ணு சொல்லோணும்" என்றேன். உட்கார்ந்தார். எனக்கு அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது என்று தெரிந்ததால் வண்டியின் இடது பக்கம் போய்க் குந்தினேன்.

"சேலை மேல தப்பில்லீங்க. உங்க மேலயும் இல்லீங்க."

"போதுமுங் மாப்ள. சமாதானம் சொன்னது போதும்."

"இங்க ரெண்டு ஓட்டை இருக்குது பாருங்க. இந்த எடத்துல ஒரு கம்பிக் கூண்டு இருந்துதுங்க. சாரி கார்டுன்னு சொல்லுவாங்க. பின்னால உக்காரற பொம்பளைங்க சேலை சக்கரத்துக்குள்ள போகக்கூடாதுன்னே வெக்கறது. எல்லா வண்டியிலயும் இருக்கும்."

அவர் எட்டிப் பார்த்தார். "எங்க அது?"

"கழட்டிட்டனுங்க. ரெண்டு வருசமாச்சு. பழைய இரும்புக்குப் போட்டுட்டேன்."

"ஒடஞ்சு போச்சுங்களா?"

"இல்லீங்க."

"அப்பறம் எதுக்குக் கழட்டுனீங்க?"

"பாக்கறதுக்கு நல்லால்லைன்னுங்க."

அவர் அந்தத் துளைகளையே பார்த்தார். "பாக்கறதுக்கு" என்று மட்டும் சொன்னார்.

"சுகந்திக்குத் தெரியுமுங்களா?"

தெரியும் என்றேன். கழற்றிய அன்றைக்கே கேட்டாள், இது எதுக்கோ வச்சிருப்பாங்கல்லங்க, ஏன் எடுத்தீங்க என்று. நீதான் சேலையே கட்டுறதில்லையே என்று சொன்னேன். ஜனவரி 29 அன்றைக்கும் கேட்டாள். சூலூரில் வண்டியில் ஏறும்போது, சேலை மாட்டிக்காதுங்களா, நாம பஸ்ல போயிரலாமா என்றாள். யெஸ்டியை அவர்கள் சொந்தக்காரர்கள் யாரும் பார்த்ததில்லை. மண்டபத்து வாசலில் கொண்டுபோய் நிறுத்த வேண்டும் என்று எனக்கு ஆசை. முந்தானையைக் கையில சுருட்டிப் புடிச்சுக்கோ, பக்கம்தானே என்றேன். சுருட்டிப் பிடித்தாள். அப்புறம் நான்தான் வளையல் பெட்டியை அவள் மடியில் வைத்தேன். கண்ணாடி வளையல், பத்து டஜன். ரெண்டு கையாலயும் புடி, உடைஞ்சிரப் போகுது என்று சொன்னேன். இரண்டு கையாலும் பிடித்தாள்.

காரணம்பேட்டைக்கு முன்னால் பின் சக்கரம் இறுகியது. நான் வண்டியைச் சாயாமல் பிடித்துக்கொண்டு திரும்பிப் பார்த்தேன். ரோடு முழுக்க வளையல். முந்தானை சக்கரத்துக்குள் கயிறாக முறுக்கிக் கிடந்தது. பார்த்த அந்த நிமிஷமே எனக்கு எல்லாம் தெரியும். வயர் என்று சொல்ல ஆரம்பித்தது ஆஸ்பத்திரிக்குப் போன பிறகுதான். யாரோ வண்டி எப்படி நின்னுது என்று கேட்டார்கள். வாயில் வந்தது. ஆய்வு அறிக்கையில் எட்டாவது வரி இதுதான்: சாரி கார்டு பொருத்தப்படவில்லை. எழுதியவர் ஐந்தே நிமிஷத்தில் கண்டுபிடித்திருக்கிறார்.

இதையெல்லாம் அத்தையிடம் சொன்னேன். எதையும் விடவில்லை. அழக்கூடாது என்று நினைத்திருந்தேன், அழுதுவிட்டேன். அவர் அழவில்லை. எழுந்து வந்து குனிந்து, அந்த இரண்டு துளைகளில் ஒன்றின் மேல் விரலை வைத்தார். பிறகு அவர் சேலையிலேயே விரலைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார்.

கட்டைப்பையை எடுத்து வைத்துக்கொண்டு மகனுக்குப் போன் செய்தார். மச்சான் கருணாகரன் வர முக்கால் மணி நேரம் ஆனது. அதுவரை வாசல் படியில், வந்த அன்றைக்கு உட்கார்ந்த அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார். நான் உள்ளே வரச் சொல்லவில்லை, சொல்ல எனக்கு என்ன முகம் இருக்கிறது. கார் வந்து நின்றதும் எழுந்தார். என்னைப் பார்த்தார்.

"ஒரு மாசமா என்ர கையில சோறு வாங்கித் தின்னீங்களே" என்றார்.

மாப்ள என்று சொல்லவில்லை.

ஏப்ரல் 19, புதன்

அடுப்படியில் எனக்கு அரைத்து வைத்த மாவு ஒரு சட்டி இருக்கிறது.

ஏப்ரல் 23, ஞாயிறு

புது வயரிங்கை மாட்டி முடித்தேன். எல்லா விளக்கும் எரிகிறது. அன்வர் வந்து பார்த்தான். சொல்லீட்டியா என்று கேட்டான். சொல்லிட்டேன் என்றேன். தோளில் கை வைத்தான். வண்டியை என்ன செய்யப்போறே என்று கேட்டான். எடுத்துப் போ, யாருக்காவது கொடுத்துவிடு, ஆனால் அதை மாட்டிவிட்டுக் கொடு என்றேன். என்னத்தை என்று அவன் கேட்கவில்லை. மத்தியானம் குட்டியானை கொண்டுவந்து ஏற்றிக்கொண்டு போனான்.

போர்டிகோ பெரிதாகத் தெரிகிறது. எனக்குச் சுகந்தி வேண்டும். இதை யாரிடம் சொல்ல முடியும்? உண்மையாகப் பேச இந்த உலகத்தில் மிச்சம் இருந்தது அவள் அம்மா ஒருவர்தான்.

மச்சானுக்கு இரண்டு முறை போன் செய்தேன். எடுக்கவில்லை.

ஏப்ரல் 26, புதன்

எடுக்கவில்லை.

ஏப்ரல் 30, ஞாயிறு

மச்சானே கூப்பிட்டான். கடையில் நிற்கிறேன், வீட்டிலிருந்து பேச முடியாது என்றான். குரலில் கோபம் இருந்தது, பேச வேண்டியதைப் பேசிவிட்டு வைத்துவிட வேண்டும் என்ற அவசரமும் இருந்தது.

"அம்மா உங்க பேர வீட்ல எடுக்கக் கூடாதுன்னுட்டாங்க. நூறாம் நாள் காரியத்துக்கு நீங்க வரவேண்டாம். வந்தா அவங்க எந்திரிச்சுப் போயிருவாங்களாம். இதச் சொல்லத்தான் கூப்பிட்டேன்."

"சரீங்க மச்சான்."

"நானும் உங்களை மன்னிக்கறதா இல்ல."

"சரீங்க."

அவன் வைக்கப் போகிறான் என்று தெரிந்தது. அவசரமாகக் கேட்டேன்: "அத்தை சாப்பிடறாங்களா?"

பின்னால் பஸ் சத்தம் கேட்டது. அவனுக்கு இதை எனக்குச் சொல்ல விருப்பமில்லை, ஆனாலும் அவன் கெட்டவனில்லை.

"சாப்பிடறாங்க. போன வாரத்துல இருந்து சாப்பிடறாங்க. கவிதாகூடப் பேசறாங்க. நேத்து ரெண்டு தோசை சாப்பிட்டாங்க."

"சட்னியோடவா?"

"ம். காரம் பத்தலைன்னு திட்டுனாங்க."

வைத்துவிட்டான். நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு போர்டிகோவில் உட்கார்ந்திருந்தேன். இரண்டு தோசை. காரம் பத்தவில்லை என்று திட்டினாராம்.